கோடு தெரியக் கூடாது

மேக்கப் கற்றுக்கொள்ள உட்காருகிறவர் காதில் முதல் நாளே விழும் கட்டளை இதுதான்: கோடு தெரியக் கூடாது. முகத்தின் நிறம் முடிந்து கழுத்தின் நிறம் தொடங்கும் இடம் தாடைக்குக் கீழே தெரியக் கூடாது. கன்னத்துச் சிவப்பு எங்கே ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியக் கூடாது. இமையில் வைத்த பழுப்பு புருவத்தை நோக்கிப் போகப் போகப் புகையாய்க் கரைந்துவிட வேண்டும். பார்லர் பெண்ணும் இதைத்தான் சொல்கிறாள், யூடியூபில் பேசுகிறவரும் இதைத்தான் சொல்கிறார். ‘ப்ளெண்ட் பண்ணுங்க, நல்லா ப்ளெண்ட் பண்ணுங்க.’ பிரஷ்ஷுக்குக் காசு கொடுப்பதே அதற்காகத்தான். நிறத்தை வைக்க விரல் போதும். வைத்த தடத்தை அழிக்கத்தான் பிரஷ் வேண்டியிருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் இதில் இறங்கியவள் நான். அதுவரை பவுடர், பொட்டு, கண்மையோடு சரி. அக்கா மகள் பியூட்டீஷியன் கோர்ஸ் முடித்து, முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போய்வருகிறாள். கான்வாஸ் துணிச் சுருளுக்குள் அவள் பிரஷ்கள் உயர வரிசையில் நிற்கும். நான் கடையில் வாங்கி வந்தது ஜிப் வைத்த பைக்குள் ஒரு செட். எல்லாவற்றுக்கும் ஒரே ரோஜா நிறக் கைப்பிடி. இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் அருகருகே பரப்பி, ஒரே வேலையை வெவ்வேறு பிரஷ்ஷால் செய்து பார்ப்பது எனக்கு மெல்ல ஒரு ருசியாகிவிட்டது. அழகாவதில் இருந்த ஆர்வம் பின்னுக்குப் போய், இந்த மயிர்க்கற்றைகள் என்னதான் செய்கின்றன என்று பார்க்கும் ஆர்வம் முன்னால் வந்தது.

எளிதான சோதனை ஒன்று உண்டு. வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கன்னச் சிவப்புப் பவுடரில் மூன்று பிரஷ்களை ஒரே அளவு தோய்க்க வேண்டும். முதலில் காகிதத்தின் மேல் ஒரு தட்டு, பிறகு வலமிருந்து இடமாக ஒரு இழுப்பு. என் செட்டில் இருந்த பெரிய பிரஷ் தட்டிய மாத்திரத்தில் பாதிப் பவுடரைக் கொட்டிவிட்டது. மீதி இருந்ததை இழுப்பின் தொடக்கத்திலேயே ஒரு திட்டாக வைத்துவிட்டு, வெறும் மயிராகக் காகிதத்தைக் கீறிக்கொண்டு போனது. அக்கா மகளின் அடர்த்தியான செயற்கை இழை பிரஷ் பவுடரைக் கொட்டவில்லை. ஆனால் வைத்த இடமெல்லாம் ஒரே கனமாக, சுவருக்குச் சாயம் அடித்ததுபோல வைத்தது. மூன்றாவது ஆட்டுமயிர் பிரஷ். தட்டியபோது மெல்லிய தூசு மட்டும் பறந்தது. இழுத்தபோது நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி ஆரம்பித்து, கடைசிவரை அதே சந்தேகத்தோடு போய் முடிந்தது. இன்னொரு முறை இழுத்தால் இன்னொரு சாயல் கூடியது.

காரணம் மயிரின் மேற்பரப்பில் இருக்கிறது. நம் தலைமயிரைப் போலவே ஆட்டுமயிரும் நுண்ணிய செதில்களால் மூடப்பட்டது. பவுடரின் துகள்கள் அந்தச் செதில் விளிம்புகளில் ஒட்டிக்கொண்டு, உரசும்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன. நைலானிலும் பாலியெஸ்டர் வகைகளிலும் செய்யும் இழை வழவழப்பானது. துகளுக்குப் பிடிமானம் குறைவு. ஆனால் திரவமும் க்ரீமும் வந்துவிட்டால் கதை மாறிவிடும். ஆட்டுமயிர் ஃபவுண்டேஷனைக் குடித்துவிடும், சேர்ந்து விறைத்துப் போகும். பிறகு கழுவி எடுப்பதும் பெரும்பாடு. செயற்கை இழை எதையும் குடிக்காமல் வாங்கியதை அப்படியே முகத்தில் ஒப்படைக்கும். பவுடருக்கு இயற்கை மயிர், க்ரீமுக்குச் செயற்கை இழை என்ற பழைய பாடம் இப்படி வந்ததுதான். இப்போது இழையின் நுனியைக் கூராக்கியும் உடலை நெளிநெளியாக்கியும் செயற்கையையே பவுடருக்கும் பழக்கியிருக்கிறார்கள். நல்ல செயற்கை பிரஷ்ஷைக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் வைத்தால் எது ஆடு, எது ஆலை என்று சொல்வது கடினம்.

காகிதத்தில் பார்த்தது முகத்தில் இன்னும் துலக்கமாகத் தெரியும். நம் நிறத்துக்கு வெளிர் பவுடர் கொஞ்சம் கூடினாலும் போதும், சாம்பல் பூத்துவிடும். கோதுமை நிறத்திலும் மாநிறத்திலும் கறுப்பிலும் பவுடரின் வெள்ளை தனியாக எழுந்து நிற்கும். அதனால் ஒரே தட்டில் நிறையக் கொட்டும் பிரஷ் நமக்குச் செய்யும் கெடுதல் அதிகம். “அழுத்தாதீங்க சித்தி. காம்போட கடைசியப் புடிங்க,” என்பாள் அக்கா மகள். பென்சிலைப் போல மயிருக்குப் பக்கத்தில் பிடித்தால் கையின் பலமெல்லாம் முகத்தில் இறங்கும். கைப்பிடியின் கடைசியைப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. நீளக் கைப்பிடி பிரஷ்கள் பிறர் முகத்துக்கு மேக்கப் போடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஓரடி தள்ளி நின்று முழு முகத்தையும் பார்த்தபடி வேலை செய்ய அந்த நீளம் வேண்டும். தன் முகத்துக்குத் தானே போடுகிறவள் அதைப் பிடித்தால் காம்பு போய்க் கண்ணாடியில் இடிக்கும். குட்டைக் கைப்பிடியோ கண்ணாடிக்கு மூக்கு படும் தூரத்தில் நம்மை நிறுத்திவிடும். அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு மயிர்த்துளையும் தெரியும், முகம் மட்டும் தெரியாது.

விரலுக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவில் ஸ்பான்ஜ் இருக்கிறது. நனைத்துப் பிழிந்து, ஃபவுண்டேஷனை ஒற்றி ஒற்றி எடுப்பது. பிரஷ்ஷால் இழுத்த ஃபவுண்டேஷனில் மெல்லிய வரிகள் விழும். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகத் திரும்பினால் அவை தெரிந்துவிடும், ட்யூப் லைட்டில் தெரியாது. ஸ்பான்ஜ் அந்த வரிகளை ஒற்றி எடுத்துவிடும். கூடவே ஃபவுண்டேஷனில் ஒரு பங்கையும் தானே விழுங்கிக்கொள்ளும். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மறைக்க மட்டும் மோதிர விரலுக்கு ஈடாக எதுவும் இல்லை. அது அதிகம் அழுத்தாது. விரலின் சூட்டில் க்ரீம் இளகித் தோலோடு படிகிறது. பிரஷ் விற்கிற யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மேக்கப்பே தொழிலாக இருக்கிறவர்கள் பலரும் செய்கிறார்கள்.

ஆட்டுமயிர் பிரஷ் கன்னத்தில் வந்துபோனதே தெரியவில்லை. என் செட்டு பிரஷ் குத்தியது. வித்தியாசம் நுனியில். மலிவான பிரஷ்களில் மயிரைக் கட்டி ஒட்டிய பிறகு தலையைக் குவிமாடமாகவோ சாய்வாகவோ கத்தரித்து வடிவம் கொண்டுவருகிறார்கள். வெட்டிய மயிரின் நுனி மொட்டை. அது தோலில் உரசும்போது முள்போல உறுத்தும். நல்ல பிரஷ்ஷில் மயிரை வெட்டுவதே இல்லை. தானாக வளர்ந்து கூராகி முடிந்த நுனிகளை அப்படியே அடுக்கி, அடுக்கும் விதத்திலேயே வடிவத்தை வரவழைக்கிறார்கள்.

இந்த வேலைக்குப் பேர்போன ஊர் ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்துக்கு அருகில் இருக்கும் குமானோ. சுற்றிலும் மலை, விளைநிலம் குறைவு. எடோ காலத்தின் பிற்பகுதியில் இந்த ஊர் விவசாயிகள் வேலையில்லாத மாதங்களில் கீயி, யோஷினோ பக்கம் கூலி வேலைக்குப் போவார்கள். திரும்பும் வழியில் நாராவில் எழுத்துத் தூரிகையும் மைக்கட்டியும் வாங்கி, வழியெல்லாம் விற்றுக்கொண்டே வீடு சேர்வார்கள். விற்றவர்கள் பிறகு செய்யவும் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பள்ளிகளில் தூரிகை எழுத்துப் பயிற்சிக்கு முக்கியத்துவம் குறைந்தபோது ஊரே தடுமாறியது. அப்போதுதான் ஓவியப் பிரஷ்ஷுக்கும் மேக்கப் பிரஷ்ஷுக்கும் மாறினார்கள். குமானோ தூரிகையை 1975இல் ஜப்பான் அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது. ஜப்பானில் செய்யப்படும் பிரஷ்களில் சுமார் 80 சதவீதம் இன்றும் இந்த ஊரிலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். ஜப்பானியப் பெண்கள் கால்பந்து அணி 2011இல் உலகக் கோப்பையை வென்றபோது அரசு அவர்களுக்கு மக்கள் கௌரவ விருது வழங்கியது. விருதோடு கொடுத்த பரிசு குமானோ மேக்கப் பிரஷ்கள். மைதானமெல்லாம் ஓடி வியர்த்து ஜெயித்தவர்களுக்குக் கன்னச் சிவப்பு பூசும் பிரஷ்ஷா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஊரின் கைவேலையைப் பற்றிப் படித்த பிறகு, ஆட்டக்காரிகளுக்குத் தகுந்த மரியாதைதான் என்று பட்டது.

அங்கே வேலை செய்கிறவர் மயிர்க்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைகீழாக நிற்கும் மயிரையும் நுனி உடைந்த மயிரையும் சிறு கத்தியின் முனையால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே இருப்பார். மிஞ்சிய நல்ல மயிரைச் சிறிய மரக் கிண்ணத்துக்குள் நுனி கீழே பார்க்கும்படி இறக்கித் தட்டுவார். கிண்ணத்தின் அடிக்குழிவு பிரஷ்ஷின் தலை வடிவமாகிவிடும். பிறகு கயிற்றால் கட்டு, பசை, உலோகக் குழல், கைப்பிடி. இத்தனை கைகளும் கண்களும் சேர்ந்து சாதிக்க நினைப்பது ஒன்றே: அது பட்ட இடத்தில் பட்ட சுவடு இருக்கக் கூடாது. பிரஷ்ஷின் தரம் உயர உயர அது செய்த வேலை கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போகிறது.

இதற்கு நேர் எதிரான ஒப்பனையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கூத்துக்காரர் கையகலக் கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு தன் முகத்துக்குத் தானே வேஷம் எழுதுவார். விரலால் அடித்தளம், அதன்மேல் குச்சியால் வெள்ளைப் புள்ளிகளும் மீசையும் புருவ வளைவும். கதகளியில் பச்சை முகத்தின் கண்ணோரக் கறுப்பும் நெற்றிக் குறியும் தென்னை ஈர்க்கால் இழுத்தவை. கேரளத்துத் தெய்யத்தில் ஆடுகிறவரைப் படுக்கவைத்து, எழுதுகிறவர் பக்கத்தில் குனிந்து ஈர்க்கு நுனியால் கண்ணைச் சுற்றிச் சுருள் சுருளாக வரைவார். ஈர்க்கால் கோடு மட்டும்தான் இழுக்க முடியும், கரைக்க முடியாது. அங்கே யாரும் கரைக்கச் சொல்வதும் இல்லை. தீவட்டி வெளிச்சத்தில், எண்ணெய் விளக்கில், வயல்வெளிக் கடைசி வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பவனுக்குத் துரியோதனன் கண் எங்கே, புருவம் எங்கே என்று தெரிய வேண்டும். கோடு அந்தத் தூரத்துக்காக இழுத்தது. அந்த முகம் நான் பூசப்பட்டவன் என்று ஒளிக்காமல் சொல்கிறது. விடியும்வரை அதை ராஜா என்று ஏற்றுக்கொள்ள யாருக்கும் தடை இருந்ததில்லை.

ஜப்பானின் கபுகி நாடகத்தில் கோடும் கரைப்பும் ஒரே முகத்தில் இருக்கும். பட்டையான அகலப் பிரஷ்ஷால் வெள்ளையைச் சீராகப் பூசி, அதன்மேல் சிவப்பிலும் நீலத்திலும் குமதோரிக் கோடுகளை இழுப்பார்கள். கோட்டின் ஒரு விளிம்பைக் கூர்மையாகவே விட்டுவிட்டு, மறு விளிம்பை விரலால் தேய்த்துக் கரைப்பார்கள். எது தெரிய வேண்டும், எது கரைய வேண்டும் என்பதை நடிகரே முடிவு செய்கிறார்.

கோட்டைக் குற்றமாக்கியது கேமராதான். க்ளோஸ்-அப்பில் முகம் திரையளவு பெரிதானபோது, மேடைக்காகப் போட்ட கெட்டிச் சாயம் வெடித்துப் பாளம் பாளமாகத் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஒப்பனைக் கடை வைத்திருந்த மாக்ஸ் ஃபாக்டர் 1914இல் சினிமாவுக்கென்றே மெல்லிய சாயம் ஒன்றைக் கொண்டுவந்தார். டெக்னிகலர் வந்தபோது அந்தச் சாயம் வண்ணத்தில் பளபளத்துக் காட்டிக்கொடுத்தது. அதற்கு மாற்றாக 1930களின் கடைசியில் அவருடைய நிறுவனத்திலிருந்து வந்ததுதான் ஈர ஸ்பான்ஜால் பூசும் பான்கேக். பிறகு ஹெச்.டி. வந்தது, இப்போது எல்லாருடைய கையிலும் ஒரு கேமரா. கடைசி வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. முழங்கை மடங்கும் தூரத்தில் நம்மை நாமே படம் பிடிக்கும்போது, தாடையில் ஒரு கோடு தெரிந்தால் மானம் போனதுபோல இருக்கிறது. சாதாரண வீட்டுப் பெண்ணின் மேஜைக்கு இத்தனை பிரஷ் வந்து சேர்ந்ததற்கு இந்தத் தூரம் சுருங்கியதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பான்கேக் சென்னைக்கும் வந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன், அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ என்ற புத்தகத்தில் அங்கிருந்த மேக்கப் இலாகாவைத் தனக்கே உரிய குறும்போடு காட்டுகிறார். கதாநாயகனுக்கும் நாயகிக்கும் தலைமை மேக்கப்காரர். அடுத்த நிலை நடிகர்களுக்கு அவருடைய மூத்த உதவியாளர். காமெடியனுக்கு இளைய உதவியாளர். கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஆபீஸ் பையன். அவன் பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு வருகிறவர் முகத்திலெல்லாம் அப்பித் தள்ளுவான். வாசிக்கும்போது சிரிப்பு வரும். யார் முகத்துக்கு எந்தக் கை என்பது சம்பளப் பட்டியல்போலத் தெளிவாக இருந்தது என்பதும் சிரிப்போடு சிரிப்பாக உறைக்கும். கோடு தெரியாமல் கரைப்பதற்கு நேரம் வேண்டும். நேரம் யாருக்கு ஒதுக்கப்படுகிறதோ அவருக்குத்தான் கோடில்லாத முகம்.

இன்னொன்றும் உறைத்தது. அந்தப் படிநிலையின் எல்லாப் படிகளிலும் நின்றவர்கள் ஆண்கள். இது ஒரு ஸ்டுடியோவின் பழக்கம் மட்டுமில்லை. மும்பையில் சினிமா ஒப்பனைக் கலைஞர்களின் சங்கம் பெண்களுக்குச் சிகையலங்கார அட்டை மட்டுமே கொடுத்தது. சீப்பு பிடிக்கலாம், பிரஷ் பிடிக்கக் கூடாது. முறையாக ஒப்பனை படித்துவிட்டு வந்த சாரு குரானா இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. செவ்வாய்க்கு மங்கள்யான் போய்ச் சேர்ந்த அதே ஆண்டுதான். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திரையில் நாம் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்த நாயகிகளின் கண்கோடும் உதட்டு வளைவும் பெரும்பாலும் ஆண்களின் கையெழுத்து. கோடு தெரியாமல் வேலை முடிந்திருந்ததால் அந்தக் கை யாருடையது என்று கேட்க நமக்குத் தோன்றவே இல்லை.

இங்கே வந்ததும் என் ஒப்பீடு வேறு பக்கம் திரும்பியது. தோலில் எது மெத்தென்று இருக்கிறது, எது பவுடரைக் கொட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, இந்த மயிர் யாருடையது என்ற கேள்வி வந்தது. கடையில் சில பைகளின் மேல் ‘நேச்சுரல் ஹேர்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. எந்த விலங்கு என்று இல்லை. கடைக்காரரைக் கேட்டேன். “ஒரிஜினல் ஹேர்ம்மா, கொட்டாது,” என்றார்.

மேக்கப் பிரஷ் உலகத்தில் ஆடு, அணில், குதிரை, வீசல் என்ற சிறு விலங்கு எல்லாம் உண்டு. அவற்றில் அணில் மயிர் மிக மென்மையானது, விலையும் அதற்கேற்ப எகிறும். நம் நாட்டு பிரஷ் தொழிலில் இவற்றைவிட இருண்ட ஒரு பெயர் இருக்கிறது: கீரி. விறைப்பும் வளைவும் சேர்ந்த அதன் மயிர் ஓவியப் பிரஷ்ஷுக்கு வெகு பொருத்தம் என்பதால் காலங்காலமாகக் கீரிகளைக் கொன்று வந்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் இருக்கும் ஷேர்கோட் பிரஷ் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். 2019இல் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு கீரிமயிர் வியாபாரத்துக்கு எதிராக நடத்திய சோதனைகளில் இந்த ஊரும் அடிபட்டது. ஒரு கிலோ மயிருக்கு ஏறக்குறைய 50 கீரிகள் சாக வேண்டியிருக்கும் என்பது வனவிலங்குப் பாதுகாவலர்கள் சொல்லும் கணக்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரியைக் கொல்வதும் அதன் மயிரை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆனாலும் வெட்டி, சாயமேற்றி, பித்தளைக் குழலுக்குள் ஒட்டிவிட்ட பிறகு அது கீரியா பன்றியா என்று வாங்குகிறவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முகத்தில் தடத்தை அழிக்கும் பொருள் தான் வந்த வழியின் தடத்தையும் அழித்துக்கொண்டுதான் நம்மிடம் வருகிறது.

ஆட்டுமயிரையும் கீரிமயிரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கும் ஆட்டின் மயிர் வேறு, காட்டில் சுருக்கு வைத்துப் பிடிப்பது வேறு. ஆனாலும் பெரிய நிறுவனங்கள் பலவும் இப்போது விலங்குமயிரை விட்டுச் செயற்கை இழைக்கு வந்துவிட்டன. மேக்கப் தொழிலில் இருப்பவர்கள் எண்ணைச் சொன்னாலே அடையாளம் காணும், மேக் நிறுவனத்தின் 217 என்ற இமை பிரஷ்கூட ஆட்டுமயிரிலிருந்து செயற்கைக்கு மாறிவிட்டது. பழையதைப் பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இழப்பு எதுவும் இல்லை, ஏனென்றால் ஒப்பிட்டு ஏங்கப் பழைய நினைவு இல்லை. செயற்கை என்றால் பாவமில்லாதது என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். அது பெட்ரோலியத்தின் பிள்ளை, மட்காது. நான் தூக்கிப் போட்டாலும் அந்த ரோஜா நிறச் செட்டு பெருங்குடி குப்பைமேட்டில் என்னைவிட அதிக காலம் இருக்கும். ஆகவே பிரஷ் எதில் செய்தது என்பதோடு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

உழைப்பதும் உழைக்காததும் கழுவும்போது தெரிந்துவிடும். பேபி ஷாம்பூவை உள்ளங்கையில் விட்டு, பிரஷ்ஷின் தலையை அதில் வட்டமாகச் சுழற்றினால் முதலில் பழுப்பு நுரை, பிறகு சிவப்பு, அதன்பின் சாம்பல். நல்ல பிரஷ் ஓரிரு மயிரைத்தான் விடும். என்னுடையது கொத்தாகவே விட்டது. கூடவே தன் கறுப்புச் சாயத்தையும் விட்டது. கழுவியதும் நிமிர்த்தி டம்ளரில் நிற்கவைப்பது எல்லாரும் செய்வது, பிரஷ்ஷுக்கு எமன் அதுதான். தண்ணீர் குழலுக்குள் இறங்கிப் பசையை இளக்கிவிடும், மரக் கைப்பிடி ஊதி வெடிக்கும். தலை மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கவைக்க வேண்டும், அல்லது தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அடர்த்தியான பிரஷ் ஒரே இரவில் காய்வது சந்தேகம். ஃபேனுக்கு அடியில் வைக்காவிட்டால் மறுநாள் ஈரத்தில் கிடந்த துணியின் வாடை வரும். பருவுக்குக் க்ரீமைக் குறைசொல்கிற பலர் பிரஷ்ஷை மோந்து பார்ப்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என்ன வாங்கச் சொல்வேன் என்று என்னைக் கேட்டால், செட்டு வாங்க வேண்டாம் என்பேன். அதில் பாதியை எதற்கென்று தெரியாமலேயே நீங்கள் பழசாக்கிவிடுவீர்கள். கன்னத்துக்கும் பவுடருக்கும் சேர்த்து, இழை கூராக முடியும் மிருதுவான செயற்கை பிரஷ் ஒன்று. இமையில் நிறத்தைக் கரைக்கத் தளர்வான சிறு பிரஷ் ஒன்று. ஜெல் மையில் தோய்த்துக் கண்கோடு இழுக்கத் தலை சாய்வான மெல்லிய பிரஷ் ஒன்று. ஃபவுண்டேஷனுக்கு ஸ்பான்ஜ், மற்றதற்கெல்லாம் விரல். கடையில் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க விடமாட்டார்கள்; மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், குத்தினால் விட்டுவிடுங்கள். தலையை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். எந்த விலங்கு என்று சொல்லத் தெரியாதவரிடம் இயற்கை மயிர் வாங்காதீர்கள்.

இந்த மூன்றில் எனக்குக் கை படிந்தது கடைசிப் பிரஷ்தான். மற்ற இரண்டும் தாங்கள் வந்துபோனதை ஒளிக்கின்றன. இது மட்டும் வந்த வழியைக் காட்டுகிறது. அக்கா மகளின் வாடிக்கைப் பெண்களில் இளையவர்கள் சிலர் இப்போது கண்ணோரத்தில் பட்டையாக, வெளிப்படையாக, நீலத்திலும் வெள்ளையிலும்கூடக் கோடு கேட்கிறார்களாம். தாய்மார்கள் ‘கூத்து கட்டின மாதிரி இருக்கு’ என்று அலுத்துக்கொள்கிறார்களாம். அலுப்பு எனக்குப் புரிகிறது. முகூர்த்தப் புகைப்படம் முப்பது வருஷம் சுவரில் தொங்கப் போகிறது, அதில் பூசியது தெரியக் கூடாது என்பது அவர்கள் கவலை. ஆனால் அந்தப் பெண் தன் முகத்தில் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்கிறாள். கரைப்பதும் கரைக்காததும் இத்தனை நாள் சங்கமும் கேமராவும் சந்தையும் எடுத்த முடிவு. தாடையில் கரை, கண்ணில் கோடு விடு என்று ஒரு இருபத்துநாலு வயதுப் பெண் மேக்கப் போடுகிறவளிடம் சொல்லும்போது, பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் கை யாருடையதாக இருந்தாலும் முகம் அவளுடையதாகிறது. கோடு தெரியக் கூடாது என்பதைப் பாடத்தின் முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. எங்கே தெரியலாம் என்பது இரண்டாவது வரி. அதைச் சொல்லித்தராத வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.